இணைப்பில்லாத கிதார்

ராக் இசைக் காணொளிகளின் மரபுகளைப் பட்டியலிடுவது எளிது. பாழடைந்த கிடங்கு, புகை, பின்புறமிருந்து பாயும் ஒளி, காற்றில் அலையும் கூந்தல், தனிவாசிப்பின்போது விரல்களை நெருங்கும் அண்மைக்காட்சி. இவற்றைத் தேய்வழக்கு என்று சொல்லிக் கடந்துவிடும்போது, இவை ஏன் இத்தனை காலம் நீடிக்கின்றன என்ற வினா எழாமலேயே போகிறது.

1992இல் வெளிவந்த கன்ஸ் அன்ட் ரோசஸ் குழுவின் 'நவம்பர் ரெயின்' காணொளியில், திருமணத்தின் நடுவே வெளியேறும் ஸ்லாஷ், வெட்டவெளியில் தனித்து நிற்கும் சிறு தேவாலயத்தின் முன் மின்கிதார் வாசிக்கிறார். இணைப்புக் கம்பி இல்லை, ஆம்ப்ளிஃபயர் இல்லை, மின்சாரத்துக்கான அறிகுறியே இல்லை. எனினும் பார்ப்பவர் இதைப் பிழையாகக் கொள்வதில்லை. கேட்கும் ஒலியை இந்தக் கைகளே உண்டாக்குகின்றன என்பதுதான் ராக் இசையின் ஆதார உரிமைகோரல்; அதற்குக் கைகள் தெரிந்தால் போதும். உண்மையில் அவ்வொலி, ஒலிப்பதிவுக் கூடத்தில் அடுக்கடுக்காகப் பதிந்து, திருத்தி, கலக்கப்பட்டது. அங்கே உழைத்த பொறியாளர் காணொளியில் தோன்றுவதில்லை. (இந்தியத் திரைப்பாடலில் நாயகன் உதடசைக்கும்போது குரல் வேறொருவருடையது என்பதை அனைவரும் அறிவர், பின்னணிப் பாடகரின் பெயரும் புகழ்பெற்றதாகவே இருக்கும். ராக் காணொளி அத்தகைய ஒப்புதலைத் தருவதில்லை.)

கிடங்கும் இவ்வாறே. தொடக்க ஆண்டுகளில் காணொளியே எடுக்காதிருந்த மெட்டாலிகா, 1989இல் 'ஒன்' பாடலுக்கு முதன்முறையாக ஒன்றை வெளியிட்டது. 'ஜானி காட் ஹிஸ் கன்' திரைப்படக் காட்சிகளுக்கிடையே, பார்வையாளர் எவருமற்ற கிடங்கொன்றில் கறுப்பு வெள்ளையில் குழுவினர் வாசிக்கின்றனர். அவ்விடம் மேடையைவிடப் பயிற்சிக்கூடத்தையே நினைவூட்டுகிறது. அங்கே காட்டப்படுவது கேளிக்கையன்று, உழைப்பு.

1985இல் தி ரீப்ளேஸ்மென்ட்ஸ் குழு, 'பாஸ்டர்ட்ஸ் ஆஃப் யங்' பாடலுக்கு ஓர் ஒலிபெருக்கியை மட்டும் ஏறக்குறைய முழுநேரமும் காட்டியது. கைகளைக் காட்ட மறுத்த அந்தக் காணொளியே இம்மரபின் வலிமைக்குச் சிறந்த சான்று.

ஆன் கேப்லன் 1987இல் எம்டிவியைப் பின்நவீனத்துவச் சிதறலாக வாசித்தார். ஆண்ட்ரூ குட்வின் 1992இல் அதை மறுத்து, ஆய்வாளர்கள் படத்தைப் பார்க்கிறார்களேயன்றி இசையைக் கேட்பதில்லை என வாதிட்டார். குட்வின் பக்கமே நியாயம் மிகுதி. ஆயினும் அவ்வழியில் இன்னும் ஓரடி செல்ல வேண்டியிருக்கிறது: வாசிக்கும் கைகளே இசைக்குச் சான்று எனில், யாருடைய கைகள் காட்டப்படுகின்றன?

ஒயிட்ஸ்நேக் குழுவின் 1987ஆம் ஆண்டுக் காணொளியில் பெண்ணுக்குக் கிடைத்த இடம் கார்களின் முன்மூடி. எம்டிவியில் கறுப்பினக் கலைஞர்கள் ஏன் இத்தனை குறைவு என்று 1983இல் டேவிட் போவி அதே அலைவரிசையின் நேர்காணலில் கேட்டார். ராக் அலைவரிசை என்ற வகைப்பாட்டையே எம்டிவி அதற்குக் காரணமாகக் காட்டிவந்தது. 1986இல் ரன் டிஎம்சியும் ஏரோஸ்மித்தும் இணைந்த 'வாக் திஸ் வே' காணொளியில், இரு குழுக்களின் அறைகளைப் பிரிக்கும் சுவர் உடைகிறது. ஒற்றுமையின் உருவகமாக அது கொண்டாடப்படுகிறது. சுவரை உடைப்பவர் ஏரோஸ்மித்தின் பாடகர். ரன் டிஎம்சி பின்னர் ஏறுவதும் ஏரோஸ்மித்தின் மேடையில்தான்.