எட்டு எட்டாக அடித்துப் பாருங்கள்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் கம்ப்யூட்டரில் பில் போடும் கடைகளிலும் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கால்குலேட்டர் கிடக்கும். 18ஆம் நூற்றாண்டில் திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில் எழுந்த சந்தை அது; தமிழ் வியாபாரிகள் நிறைந்த இடம். போன வாரம் அங்கே ஒரு பலசரக்குக் கடையில், 880 வரவேண்டிய கணக்கு 680 என்று காட்டியது. கூட்டலில் பிழை இல்லை. நூறாம் இடத்து எட்டுக்கு வலது மேல்கோடு விழவில்லை.

“அண்ணாச்சி, எட்டு எட்டா அடிச்சுப் பாருங்க” என்றேன். வரிசையில் ஒன்று மட்டும் ஆறாக நின்றது.

அடியோடு அணைந்த கால்குலேட்டரால் யாருக்கும் நஷ்டமில்லை. பாதி தெரிகிறதைக் கண்டுதான் பயப்பட வேண்டும். ஒவ்வொரு இலக்கமும் ஏழு கோடுகளால் ஆனது. ஏழும் விழுந்தால் எட்டு. நடுக்கோடு போனால் அதுவே பூஜ்யம். இடது கீழ்க்கோடு போனால் ஒன்பது. ஏழின் மேல்கோடு போனால் ஒன்று. எல்லாமே முறையான எண்கள், கண்ணுக்குத் தப்பாகவே படாது.

பழுது பெரும்பாலும் சிப்பில் இல்லை. பல மாடல்களில் கண்ணாடித் திரையையும் சர்க்யூட் போர்டையும் இணைப்பது ஒரு ரப்பர் பட்டை. கரியும் சிலிக்கோனும் மாறி மாறி அடுக்கியது. ஸீப்ரா என்பார்கள். பற்றவைப்பு எதுவும் கிடையாது, அழுத்தத்தில்தான் நிற்கிறது. இந்த ஊரோ இடவப்பாதி, துலாவர்ஷம் என்று இரண்டு மழையும் வாங்குவது, கடற்காற்று வேறு. ஈரமும் தூசியும் பட்டைக்கடியில் உட்கார்ந்தால் கோடுகள் துண்டிக்கும். திரையின் ஓரத்தை லேசாக அழுத்தும்போது கோடு வந்து வந்து போனால் சந்தேகமே வேண்டாம். பின்மூடியைக் கழற்றி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் பட்டையின் இரு விளிம்புகளையும் போர்டின் முனைகளையும் துடைத்து, காயவிட்டு, திருகுகளை ஒரே சீராக இறுக்கினால் பலவும் பிழைத்துவிடும். பட்டைக்குப் பதில் ஒட்டிய ரிப்பன் இருந்தால் கை வைக்காதீர்கள். திரைக்குள் கறுப்பு மை பரவியது போலிருந்தால் கண்ணாடி உடைந்திருக்கிறது. அதற்கு வைத்தியம் இல்லை.

எண்கள் வெளிறினால் முதலில் செல்லைப் பாருங்கள். சோலார் தகடு உள்ளவை இதில் ஏமாற்றும். விளக்கடியில் ஒழுங்காக வேலை செய்யும். தகட்டை உள்ளங்கையால் மூடினால் திரை அணையும். உள்ளே செல் எப்போதோ செத்திருக்கும், கரண்ட் போகும் அன்றுதான் தெரியவரும். பலவற்றில் இருப்பது எல்ஆர்44 பட்டன் செல், 1.5 வோல்ட். கசிந்து வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது காரம். வெறும் விரலால் தொடாமல் வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு புதுசு போடுங்கள். மாற்றியும் திரை உளறினால், முதுகில் ரீசெட் துளை இருக்கிறதா என்று பார்த்து அழுத்துங்கள்.

கழற்றிய பட்டன் செல்லைக் கல்லாவிலோ மேசையிலோ போட்டு வைக்காதீர்கள். பிள்ளைகள் வாயில் போட்டு அது உணவுக்குழாயில் சிக்கினால், சில மணி நேரத்திலேயே உள்ளே வெந்து புண்ணாகிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே போதும், காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.