தெளிந்த நீரும் ஏமாற்றும்!

அன்புக் குட்டீஸ்,

சாரணர் முகாம், மலையேற்றம் என்று கிளம்புகிறீர்களா? பையில் கையடக்க வாட்டர் ஃபில்டர் இருக்கிறதா? சபாஷ்!

பளிங்குபோல் ஓடும் ஓடையிலும், மேலே மேயும் மாடுகளின் சாணம் கலந்திருக்கலாம். பல ஃபில்டர்களின் துளை 0.1 மைக்ரான்தான், அதாவது, ஒரு மில்லிமீட்டரில் 10,000-ல் ஒரு பங்கு! பாக்டீரியா அதில் சிக்கிக்கொள்ளும். ஆனால், மஞ்சள் காமாலை தரும் வைரஸ் அதைவிடப் பொடிசு, நழுவிவிடும்!

எனவே, வடிகட்டிய நீரையும் 1 நிமிடம் தளதளவெனக் கொதிக்க வையுங்கள். கொடைக்கானல் போல 2,000 மீட்டருக்கு மேல் என்றால் 3 நிமிடம். பூச்சிமருந்து கொதித்தாலும் போகாது. தோட்டங்களுக்குக் கீழே ஓடும் நீர் வேண்டவே வேண்டாம்.

நண்பன் கையால் அள்ளிக் குடிக்கப் போகிறானா? தடுத்து நிறுத்துங்கள். அதுதான் உண்மையான நட்பு!

அன்புடன்,
ஆசிரியர்