ஒன்றரை மணி நேர வேலை

எங்கள் அடுக்ககத்துக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் பெண் போன வாரம் மாடிப்படியில் நிறுத்திக் கேட்டாள். "ஆன்ட்டி, மேல்வேலைக்கு ஆள் வச்சுக்கலாமா, இல்ல நாமே செஞ்சுக்கலாமா? ரெண்டே பேர்தானே இருக்கோம்." கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். வாடகையும் தவணையும் போக மிச்சமிருக்கும் மூவாயிரத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்கிற வயது. எனக்கு உடனே பதில் வரவில்லை. இந்தக் கேள்விக்கு ஒரு பதிலை இருபது வருடமாக வைத்திருந்தேன். 2020-இல் அது என்னை விட்டுப் போய்விட்டது.

அந்த ஆண்டு மார்ச் 25-இல் ஊரடங்கு தொடங்கியது. பதினோரு வருடமாக எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்து, பெருக்கித் துடைத்துவந்த அக்காவால் வர முடியவில்லை. துடைப்பத்தை நானே எடுத்தேன். இரண்டு படுக்கையறை, கூடம், சமையலறை, ஒரு பால்கனி. கூடத்தைத் துடைத்து முடிப்பதற்குள் முட்டி இரண்டும் விண்விண் என்று தெறித்தன. எங்கள் வீட்டில் மாப் கிடையாது. உட்கார்ந்து துணியால் துடைத்தால்தான் மூலைமுடுக்கெல்லாம் சுத்தமாகும் என்று அம்மா சொல்வார். அதையே நான் அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். "ஒரு மாப்பு வாங்கிக் குடும்மா, முட்டி வலிக்குது" என்று அவர் கேட்டிருக்கிறார், ஒருமுறை அல்ல. நான்காம் நாள் காலை, மளிகைக் கடை திறந்திருந்த நேரத்தில் ஓடிப்போய் மாப் வாங்கிவந்தேன். அவருடைய முட்டி வருடக்கணக்காகக் கேட்டது, என் முட்டிக்கு நான்கே நாளில் கிடைத்தது. இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வேலையையும் அப்போதுதான் கற்றுக்கொண்டேன். அடிப்பிடித்த பாத்திரத்தை முதலில் ஊறவைத்துவிட்டுத்தான் துடைப்பத்தைத் தொட வேண்டும். மின்விசிறியை நிறுத்தாமல் பெருக்கினால் பெருக்கியது பாதி திரும்ப வந்துவிடும். உள்ளறையில் ஆரம்பித்து வாசலை நோக்கி வர வேண்டும். டைல்ஸ் தரைக்குப் பூந்துடைப்பம், தண்ணீர் விட்டுக் கழுவும் பால்கனிக்குத் தென்னந்துடைப்பம். ஒவ்வோர் அறைக்கும் வாளித் தண்ணீரை மாற்றாவிட்டால் முந்தின அறையின் அழுக்கைத்தான் அடுத்த அறையில் பூசுகிறோம். இவ்வளவும் தெரிந்த பிறகும் எனக்கு இரண்டேகால் மணி நேரம் பிடித்தது. அக்கா ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடுவார். இதைத் திறமையே தேவைப்படாத வேலை என்று சொல்கிறவர்கள் ஒரு வாரம் செய்து பார்க்க வேண்டும்.

அந்த நாட்களில் ஒரு கணக்குப் போட்டேன். அவருக்கு அப்போது மாதம் 2,500 ரூபாய். மாதத்தில் இரண்டு நாள் லீவு. மிச்சமுள்ள 28 நாளுக்கு, நாளுக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் 42 மணி நேரம். மணிக்கு ஏறக்குறைய 60 ரூபாய். தமிழ்நாடு அரசு 2018-இல் வீட்டு வேலைக்கு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 37 ரூபாயில் தொடங்கியது. சட்டம் சொல்வதைவிடக் கூடத்தான் தருகிறோம் என்று ஒரு நிமிடம் நிம்மதியாக இருந்தது. ஒரு நிமிடம்தான்.

ஏனென்றால் அந்தக் கணக்கில் பஸ் இல்லை. வேலைக்குச் சேர்ந்தபோது அக்கா அடையாற்றங்கரையில் ஒரு குடிசையில் இருந்தார். எங்கள் வீட்டுக்குப் பத்து நிமிட நடை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றோரக் குடும்பங்களைப் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கு மாற்றினார்கள். அவருக்கும் அங்கேதான் வீடு கிடைத்தது. வேலை கொடுக்கும் வீடுகள் பழைய இடத்திலேயே இருந்துவிட்டன. ஒரு வழிக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல். விடியுமுன் கிளம்பி மூன்று வீடுகளில் மேல்வேலை, மாலையில் ஒரு வீட்டில் சமையல், திரும்பும்போது இரவு எட்டு. பஸ்ஸில் போகும் அந்த நேரத்துக்கு எந்த வீடும் கூலி தருவதில்லை, நானும் தந்ததில்லை. 2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று அறிவித்தபோது, எங்கள் தெருவில் சிலர் அதை ஓசிப் பயணம் என்று பேசினார்கள். எனக்குக் கோபம் வந்தது. நகரத்தின் பாதி சமையலறைகள் காலை எட்டு மணிக்குச் சுத்தமாக இருப்பதே அந்தப் பேருந்துகளால்தான்.

ஊரடங்கு மாதங்களில், வராத ஆளுக்கு எதற்குச் சம்பளம் என்ற பேச்சும் எங்கள் அடுக்ககத்தில் எழுந்தது. அதைச் சொன்னவர்களில் பலருக்கு வீட்டிலிருந்தபடியே முழுச் சம்பளம் வந்துகொண்டிருந்தது. நாட்டின் நிலையும் இதிலிருந்து தூரமில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வீட்டுப் பணியாளர்களுக்கான உடன்படிக்கை, 189-ஆம் எண், 2011 ஜூன் 16 அன்று ஜெனீவாவில் நிறைவேறியது. ஆதரவாக வாக்களித்த இந்தியா இன்றுவரை அதை ஏற்றுறுதி செய்யவில்லை. வீட்டை வேலையிடம் என்று ஒப்புக்கொள்ள நமக்கு மனம் வருவதில்லை. "அவ எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி" என்பார்கள். எந்த வீட்டுப் பெண்ணுக்கு லீவு போட்டால் சம்பளத்தில் பிடிக்கிறோம்?

அப்படியானால் நாமே செய்துகொள்வதுதான் நேர்மையா? அந்தப் பெண்ணின் கேள்வியில் இருந்த "நாமே" என்ற சொல்லில்தான் எனக்குச் சந்தேகம். அந்த "நாம்" யார்? 2024-ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இதற்குப் பதில் வைத்திருக்கிறது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் கைவைக்கும் பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடம் அதில் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம், அதுவும் கைவைக்கிற ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்டால். ஊரடங்கில் எங்கள் வீட்டிலும் "நாமே செஞ்சுக்கலாம்" என்று முடிவெடுத்தது நான்கு பேர், துடைத்தது நான்.

இந்த இடத்தில் எனக்குக் கஸ்தூர்பா நினைவுக்கு வருவார். 1898 வாக்கில் டர்பன் வீட்டில் தங்கியிருந்தவர்களின் மலஜலப் பாத்திரங்களைக் காந்தியும் அவரும்தான் சுத்தம் செய்தார்கள். பஞ்சமர் குலத்தில் பிறந்த ஒரு கிறிஸ்தவ எழுத்தரின் பாத்திரத்தை எடுக்கக் கஸ்தூர்பாவுக்கு மனம் ஒப்பவில்லை. கண்ணீரோடு எடுத்துப் போனார். சிரித்த முகத்தோடு எடுக்கவில்லை என்று காந்தி சண்டையிட்டு, வாசற்கதவு வரை அவரை இழுத்துப்போனார். இதைக் காந்தியே வருந்தி எழுதியிருக்கிறார். தன் அழுக்கைத் தானே சுத்தம் செய்வது பெரிய கொள்கை. ஆனால் கொள்கை ஒருவருடையதாகவும் பாத்திரம் இன்னொருவர் கையிலுமாக இருந்தது. கஸ்தூர்பாவின் அருவருப்புக்குள் இருந்த சாதியையும் நான் மறைக்க விரும்பவில்லை. யாருடைய அழுக்கை யார் எடுப்பது என்பதில் நம் நாட்டில் அது இல்லாமல் இருந்ததே இல்லை. இன்றும் வேலைக்கு வருபவருக்குத் தனி டம்ளர் வைக்கும் வீடுகளை எனக்குத் தெரியும்.

கழிவறை விஷயத்தில் மட்டும் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு அதிகம், டைல்ஸில் வெள்ளை வெள்ளையாகப் படியும். கறை போக ஆசிட் ஊற்றச் சொல்வது எங்கள் கட்டடத்தில் வழக்கம். ஒரு தடவை பக்கத்து வீட்டில், முன்பே ப்ளீச்சிங் பவுடர் தூவியிருந்த தரையில் ஆசிட்டையும் ஊற்ற, வேலை செய்த பெண் இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்து படியில் உட்கார்ந்துவிட்டார். அந்த இரண்டும் சேர்ந்தால் கிளம்புவது குளோரின் வாயு, நுரையீரலை அரிக்கும் நஞ்சு. கதவைச் சாத்திக்கொண்டு செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. இப்போது எங்கள் வீட்டில் ஆசிட் கிடையாது. வினிகரை ஊற்றி அரை மணி ஊறவைத்துத் தேய்த்தால் உப்பு விட்டுக்கொடுக்கிறது. கழிவறையை அதைப் பயன்படுத்துகிறவர்கள் முறைவைத்துக் கழுவுகிறோம், என் கணவரும் மகனும் உட்பட. இதற்கு ஒரு வருடம் சண்டை போட வேண்டியிருந்தது. போட்டேன்.

அந்தப் பெண்ணிடம் கடைசியில் சொன்னேன்: "முதல்ல ஒரு மாசம் ரெண்டு பேருமா சேர்ந்து எல்லா வேலையும் செஞ்சு பாருங்க. எவ்வளவு நேரம் ஆகுதுன்னு எழுதி வைங்க. யார் எதைச் செஞ்சீங்கன்னும் எழுதுங்க. அப்புறம் ஆள் வைங்க, தாராளமா வைங்க. வாராவாரம் ஒரு நாள் லீவு, தீபாவளிக்கு ஒரு மாசச் சம்பளம், உடம்புக்கு முடியாம வராத நாளுக்குப் பிடித்தம் கிடையாது, இதையெல்லாம் முதல் நாளே பேசிடுங்க. போகிக்குப் பரண் ஏறிச் சுத்தம் பண்ணச் சொன்னா அதுக்குத் தனியாக் காசு கொடுங்க." வீட்டுப் பணியாளர்களுக்கென்று 2007-இல் இருந்து ஒரு நல வாரியம் இருக்கிறது, அதில் பதிவு செய்துகொடுங்கள் என்றும் சொன்னேன். பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை, அறுபது வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் எல்லாம் அதில் உண்டு. எங்கள் அக்காவுக்கு நான் பதிவு செய்துகொடுத்தது பன்னிரண்டாவது வருடம்தான். அதற்கு முன்னால் போனவை போனவைதான்.

ஊரடங்கு முடிந்து அவர் திரும்பி வந்ததும் சம்பளத்தை உயர்த்தினேன், ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் என்றேன். மற்ற மூன்று வீடுகளிலும் பேசி அதே நாளை வாங்கிக்கொள்ள அவருக்குச் சில மாதம் ஆயிற்று. முழு ஞாயிறு கிடைத்த முதல் வாரம், திங்கட்கிழமை காலையில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். சினிமா, கோயில், தூக்கம் என்று ஏதோ சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"வீட்டைத்தாம்மா ஒட்டடை அடிச்சேன்" என்றார் மாப்பைப் பிழிந்தபடி. "இத்தினி வருசத்துல பகல் வெளிச்சத்துல அந்த வீட்டு மூலைய நேத்திக்குத்தான் பாத்தேன்."