பழுது முதல் சில நிமிடங்களில்தான்

அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் 1975 அக்டோபர் 11 அன்று தொடங்கிய ‘சாட்டர்டே நைட் லைவ்’ நகைச்சுவை நிகழ்ச்சி அரை நூற்றாண்டைக் கடந்துவிட்டது. ‘முன்பு மாதிரி இல்லை’ என்ற புகாருக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். முதல் சீசனின் நட்சத்திரமான செவி சேஸ் இரண்டாவது சீசனின் பாதியிலேயே கிளம்பிவிட்டார். அவருடைய இடத்துக்கு 1977 ஜனவரியில் பில் மர்ரி வந்தார். ரசிகர்களுக்கு அவரைப் பிடிக்கவில்லை. கடைசியில் அவரே கேமரா முன்னால் உட்கார்ந்து, எனக்குக் கொஞ்சம் ஆதரவு கொடுங்கள் என்று கேட்பதுபோல ஒரு காட்சி எழுதி நடிக்க வேண்டியதாயிற்று. இரண்டு வயதுகூட நிறையாத நிகழ்ச்சிக்கு அதற்குள் ஒரு பொற்காலம் முடிந்துபோயிருந்தது! நிகழ்ச்சியைப் படைத்த லோர்ன் மைக்கேல்ஸும் நடிகர்களும் 1980இல் ஒட்டுமொத்தமாக விலகினார்கள். அடுத்து வந்த சீசன் உண்மையிலேயே படுமோசம். பத்தொன்பது வயது எடி மர்ஃபி கிடைத்தது மட்டுமே அதில் லாபம். 1985இல் மைக்கேல்ஸ் திரும்பி வந்து, ராபர்ட் டவுனி ஜூனியர் போன்ற இளம் சினிமா முகங்களைச் சேர்த்துப் பார்த்தார். அதுவும் எடுபடவில்லை. 1986 மே மாதம் அந்த சீசனின் கடைசிக் காட்சியில் நடிகர்கள் இருக்கும் அறை தீப்பற்றி எரிகிறது; மைக்கேல்ஸ் ஜான் லோவிட்ஸ் ஒருவரை மட்டும் காப்பாற்றி வெளியே இழுத்துவருகிறார். தன் தோல்வியை இவ்வளவு பச்சையாகக் கேலி செய்துகொள்ள ஒரு துணிச்சல் வேண்டும். 1995இல் ‘நியூயார்க்’ வார இதழ் இந்த நிகழ்ச்சியின் வீழ்ச்சியைப் பற்றி நீண்ட கட்டுரை வெளியிட்டது. அந்த ஆண்டோடு வெளியேறியவர்கள் ஆடம் சாண்ட்லரும் கிறிஸ் ஃபார்லியும். இன்று ‘அந்தக் காலம் போல வருமா’ என்று பெருமூச்சு விடுபவர்களில் பலர் சொல்லும் பெயர்கள் அந்த இரண்டும்தான்.

இந்தப் புகாரை எடைபோடுவதற்கு முன், நிகழ்ச்சி தயாராகும் விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். திங்கள்கிழமை எழுத்தாளர்களும் நடிகர்களும் மைக்கேல்ஸின் அறையில் நெருக்கியடித்து உட்கார்ந்து, அந்த வாரத்தின் சிறப்பு விருந்தினரிடம் ஆளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். செவ்வாய் இரவு விடிய விடிய எழுத்து. புதன்கிழமை சுமார் நாற்பது குறுநாடகங்கள் வாசிக்கப்பட்டு, அவற்றில் ஒரு பகுதி தேறும். அதன்பிறகு அரங்க அமைப்பு, உடை, ஒப்பனை. சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குப் பார்வையாளர்களை உட்காரவைத்து முழு ஒத்திகை. அங்கே சிரிப்பு வராதவை வெட்டப்படும். வசனங்கள் கடைசி நிமிடம் வரை மாறிக்கொண்டே இருப்பதால் யாராலும் மனப்பாடம் செய்ய முடியாது. கேமராவுக்குப் பக்கத்தில் ஒருவர் பிடித்திருக்கும் பெரிய அட்டைகளில் கையால் எழுதியிருப்பதைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். நடிகர்களின் கண் எதிரில் நிற்பவர் மீது படாமல் சற்றே விலகி நிற்பதற்குக் காரணம் அதுதான். நிகழ்ச்சி தயாராகிவிட்டதால் அல்ல, மணி பதினொன்றரை ஆகிவிட்டதால்தான் ஒளிபரப்பாகிறது என்று மைக்கேல்ஸே சொல்வதுண்டு. ஆறே நாளில் எழுதி, நடித்து, நேரலையில் விடும் ஒன்றரை மணி நேரத்தில் எல்லாமே சிரிக்கவைக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. 1975இலும் இப்படித்தான், இன்றும் இப்படித்தான். ஓர் இரவில் இரண்டு மூன்று தேறும், மற்றவை மறக்கப்படும்.

பழைய சீசன்களை முழுதாகப் பார்ப்பவர்களுக்கு இது உடனே விளங்கும். முதல் சீசனில் ஜிம் ஹென்சனின் பொம்மைகள் பல வாரங்கள் வந்துபோயின என்பது இன்று எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? அந்தப் பகுதி எடுபடாமல் கைவிடப்பட்டது. முதல் குழுவின் ஜான் பெலூஷியும் கில்டா ராட்னரும் நடித்த நல்ல காட்சிகள் மட்டும் தொகுப்புகளாகத் திரும்பத் திரும்ப ஒளிபரப்பாயின. ஆகவே, சலித்தெடுத்த நெல்லையும் களத்தில் குவிந்த நெல்லையும் ஒப்பிட்டுவிட்டு, இந்த ஆண்டு விளைச்சல் மோசம் என்கிறார்கள். மொத்த நிகழ்ச்சியின் சராசரி வீழ்ந்துவிட்டது என்ற வாதம் இங்கேயே அடிபட்டுப்போகிறது.

மைக்கேல்ஸ் இன்னும் ஒரு படி மேலே போய், ஒவ்வொருவரும் தாங்கள் பள்ளியில் படித்த காலத்து நடிகர் குழுவையே சிறந்தது என்பார்கள் என்கிறார். சாமர்த்தியமான பதில்தான். ஆனால் இதை முழுதாக ஏற்றுக்கொண்டால் எந்த விமர்சனத்துக்கும் இடமில்லாமல் போய்விடும். எதைச் சொன்னாலும் ‘உங்களுக்கு வயதாகிவிட்டது’ என்று வாயடைத்துவிடலாம். பழங்கால ஏக்கம் புகார்களைப் பெருக்கிக் காட்டுகிறது என்பது சரி. அதற்காக எல்லாப் புகாரும் வெறும் ஏக்கமாகிவிடாது. இந்த நிகழ்ச்சியில் ஒரே ஓர் உறுப்பு தெளிவாகப் பழுதடைந்திருக்கிறது: நிகழ்ச்சியின் தொடக்கத்தில், பெயர் அட்டை வருவதற்கு முன் வரும் அரசியல் காட்சி.

அந்தக் காட்சி முன்பு எப்படி இருந்தது? 1975இல் செவி சேஸ் அதிபர் ஜெரால்டு ஃபோர்டாக நடித்தபோது ஒப்பனையும் இல்லை, குரல் மாற்றமும் இல்லை. தடுக்கித் தடுக்கி விழுந்தார், அவ்வளவுதான். கல்லூரியில் கால்பந்து வீரராக இருந்த ஃபோர்டை நாடே தடுமாறுகிறவராகப் பார்க்கத் தொடங்கியதில் சேஸுக்குப் பெரும் பங்கு உண்டு. 2000ஆம் ஆண்டு தேர்தலில் வில் ஃபெரல் ஜார்ஜ் புஷ் வேடத்தில் ‘ஸ்ட்ராட்டஜி’ என்பதை ‘ஸ்ட்ராட்டீஜரி’ என்று உளறினார். புஷ் அப்படிச் சொன்னதே இல்லை, எழுத்தாளர் உருவாக்கியது. அதைப் பின்னாளில் வெள்ளை மாளிகை ஊழியர்களே வேடிக்கையாகப் பயன்படுத்தினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, 1986 டிசம்பரில் வந்த ரீகன் காட்சி. தொடக்கக் காட்சியாக இல்லாவிட்டாலும் இந்த நிகழ்ச்சியின் அரசியல் நையாண்டிக்கு உச்சம் அதுதான். ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்ற விவகாரத்தில் அதிபருக்கு எதுவுமே தெரியாதா என்று நாடு கேட்டுக்கொண்டிருந்த நேரம். ஃபில் ஹார்ட்மனின் ரீகன், விருந்தினர் முன்னால் எதுவும் ஞாபகமில்லாத சாதுவான தாத்தாவாகச் சிரித்துப் பேசுகிறார். அவர்கள் வெளியேறிக் கதவு சாத்தப்பட்டதும் குரல் மாறுகிறது. அதிகாரிகளை விரட்டி வேலைவாங்குகிறார், வெளிநாட்டு மொழிகளில் தொலைபேசியில் பேரம் பேசுகிறார். படம் எடுத்துக்கொள்ள ஒரு சிறுமி உள்ளே வந்ததும் மறுபடியும் தாத்தா. இதில் மிமிக்ரி ஒரு கருவிதான். காட்சியைத் தூக்கி நிறுத்துவது ஒரு கற்பனை, அந்தக் கற்பனைக்குள் ஒரு கேள்வி.

மாற்றம் 2008இல் வந்தது. நிகழ்ச்சியிலிருந்து விலகியிருந்த டினா ஃபே, துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலினாக நடிக்கத் திரும்பிவந்தார். செப்டம்பர் 13 அன்று வந்த முதல் காட்சியில், என் வீட்டிலிருந்தே ரஷ்யா தெரிகிறது என்று அவர் பேசிய வசனம் கற்பனை. பேலினே அப்படிச் சொன்னார் என்று இன்றும் நம்புகிறவர்கள் உண்டு. இரண்டு வாரம் கழித்து வந்த காட்சியிலோ, தொலைக்காட்சிச் செய்தியாளர் கேட்டி கூரிக்குக்கு பேலின் அளித்த பேட்டியின் பதில்களில் ஒரு பகுதி அப்படியே சொல்லுக்குச் சொல் எடுத்தாளப்பட்டது. அதுவும் அமோக வெற்றி. அந்தப் பதில்கள் இருந்த லட்சணத்தில் எழுத்தாளருக்கு அங்கே வேலையே இல்லை. ஒரு முறைக்குச் சரியான உத்தி. ஆனால் அந்த வெற்றியிலிருந்து நிகழ்ச்சி தவறான பாடத்தை எடுத்துக்கொண்டது என்பதே என் குற்றச்சாட்டு: புகழ்பெற்ற ஒரு முகத்தைக் கூட்டிவந்து, ஒப்பனையைக் கச்சிதமாக்கி, அந்த வாரச் செய்தியைத் திருப்பிச் சொன்னால் போதும் என்ற பாடத்தை. 2016இல் டிரம்ப்பாக அலெக் பால்ட்வின், 2020இல் பைடனாக ஜிம் கேரி, 2024இல் கமலா ஹாரிஸாக மாயா ருடால்ஃப் என்று விருந்தாளிகள் வந்துகொண்டே இருந்தார்கள். யார் யாராக வருகிறார் என்பதே செய்தியாயிற்று. மேடையில் அவர் தோன்றியதும் கைதட்டல். அதற்குமேல் நகைச்சுவைக்கு அவசரம் எதுவும் இல்லை.

இதற்கு நல்ல சான்று 2016 அக்டோபர் 22ஆம் தேதி நிகழ்ச்சி. தொடக்கக் காட்சியில் அதிபர் வேட்பாளர்களின் மூன்றாவது விவாதத்தை பால்ட்வினும் கேட் மெக்கின்னனும் நடித்துக் காட்டினார்கள். சில நாள் முன் தொலைக்காட்சியில் பார்த்ததையே மறுபடி பார்த்தோம். அதே இரவில் ‘பிளாக் ஜெப்பர்டி’ என்ற வினாடி வினாக் காட்சியும் வந்தது. நடத்துபவர் கெனன் தாம்சன். போட்டியாளர்களில் இருவர் கறுப்பினப் பெண்கள், மூன்றாமவர் டிரம்ப் தொப்பி அணிந்த டக் என்ற வெள்ளையர்; அந்த வேடத்தில் டாம் ஹாங்ஸ். பாதுகாப்புக்காக என்று கைபேசி ஏன் கட்டைவிரல் ரேகையைக் கேட்கிறது என்றால், அங்கேதான் மாட்டிவிடுவார்கள் என்கிறார் டக். சரியான விடை! மேலே இருப்பவர்களை நம்பாத சாமானியர்கள் என்ற வகையில் இரு தரப்பும் ஒன்று என்பது விடைக்கு விடை வெளிப்படுகிறது. கடைசியாக, ‘முக்கியமான உயிர்கள்’ என்ற, இனப் பாகுபாட்டைத் தொடும் தலைப்பு திரையில் வந்ததும் அந்த உறவு முறிந்துவிடுகிறது. டிரம்ப் மேடைக்கே வராமல் அந்தத் தேர்தலைப் பற்றி இவ்வளவு சொல்ல முடிந்தது. எழுதத் தெரிந்தவர்கள் அங்கே இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள். முதல் காட்சியை அவர்களுக்குக் கொடுக்காததுதான் பிரச்சினை.

டிரம்ப் காலத்தில் உண்மையே நையாண்டியை மிஞ்சிவிட்டது, என்ன செய்ய முடியும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் சமாதானம். 2021இல் குழுவில் சேர்ந்த ஜேம்ஸ் ஆஸ்டின் ஜான்சன் அதைப் பொய்யாக்கினார். அவருடைய டிரம்ப் அரசியலில் ஆரம்பித்து, சம்பந்தமே இல்லாத சினிமா, பாட்டு என்று வழிதவறி அலைந்துகொண்டே இருப்பார். அன்றைய செய்தி ஓரத்தில் கிடக்கும், அந்த மனம் ஓடும் விதம்தான் காட்சி. அவர் விருந்தாளி அல்ல, சம்பளத்துக்கு வேலைசெய்யும் குழு உறுப்பினர். அதிகாரத்தை எதிர்ப்பதில் நிகழ்ச்சி மழுங்கிவிட்டது, 2015 நவம்பரில் டிரம்ப்பையே சிறப்பு விருந்தினராக அழைத்தார்களே என்று இன்னொரு தரப்பு கேட்கிறது. கேள்வி சரி, ஆனால் வீழ்ச்சிக்கு அது சான்றாகாது: 1976இலேயே ஃபோர்டின் பத்திரிகைச் செயலர் ரான் நெசன் இதே மேடையில் சிறப்பு விருந்தினராக நின்றார், ஃபோர்டும் சில வரிகளைப் பதிவுசெய்து கொடுத்தார். அதிகாரத்தோடு கைகுலுக்குவது முதல் சீசனிலிருந்தே உள்ள பழக்கம்.

நம்மூரில் இந்த நிகழ்ச்சியைப் பெரும்பாலும் யூடியூபில் துண்டு துண்டாகத்தான் பார்க்கிறோம். தலைப்புச் செய்தியோடு வந்து முதலில் கண்ணில் படுவது தொடக்கக் காட்சியாகவே இருக்கும். அதைப் பார்த்துவிட்டு முழு நிகழ்ச்சிக்கும் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அதைத் தள்ளிவிட்டு, அதே இரவில் நள்ளிரவுக்குப் பிறகு வந்த இரண்டு குறுநாடகங்களைத் தேடிப் பாருங்கள். அப்படியே ஹார்ட்மனின் ரீகனையும்.