செய்து காட்டிய கைக்கே முதல் உரிமை

2018 பிப்ரவரியில் திருவனந்தபுரத்தில்தான் கழிவுநீர்க் குழியைத் துப்புரவு செய்யும் பாண்டிகூட் எந்திரம் முதன்முதலாக மேன்ஹோலுக்குள் இறங்கியது. அதை உருவாக்கிய ஜென்ரோபோட்டிக்ஸ் இளைஞர்களை உலுக்கியது 2015இல் கோழிக்கோட்டில் நிகழ்ந்த சாவுகள். மூச்சுத் திணறிய இரு தொழிலாளர்களைக் காப்பாற்ற இறங்கிய ஆட்டோ ஓட்டுநரும் உயிரோடு திரும்பவில்லை. எந்திரம் வந்த பிறகும், 2024 ஜூலையில் தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அடியில் ஓடும் ஆமயிழஞ்சான் கால்வாயில் ஒரு தொழிலாளியைப் பறிகொடுத்தோம். வேலை முடியவில்லை.

அடுத்து, மனிதக் கையைப் பார்த்து எந்திரம் கற்கப்போகிறது. கல்லும் துணியும் சேறும் இறுகிய அடைப்பில் எங்கே அழுத்துவது, எங்கே விட்டுப் பிடிப்பது என்பது காலமெல்லாம் அடைப்பு எடுத்தவர்களுக்குத்தான் தெரியும். அந்தத் தேர்ச்சி இனி கோப்பாகும். அந்தக் கோப்பு யார் கையில் இருக்கும் என்பதற்காகவே இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம்.

கருவிகள் திறந்தே கிடக்கின்றன. 2024இல் ஹக்கிங் ஃபேஸ் நிறுவனம் வெளியிட்ட லெரோபோட் என்ற ரோபோ பயிற்சி மென்பொருளை எவரும் இறக்கிக்கொள்ளலாம். டெர்மினலில் லெரோபோட்-ரெக்கார்ட் என்று தட்டி, எந்திரக் கையை இயக்கி ஒருவர் வேலையைச் செய்து காட்டினால், அதன் மூட்டுகளின் கோணங்கள் பார்க்கே கோப்பிலும் கேமரா கண்டது எம்பி4 காணொளியாகவும் பதிவாகும். லெரோபோட்-டிரெயின் அதைக்கொண்டு பயிற்றுவிக்கும். பயின்றதை அதே எந்திரத்தில் ஓட்டிப் பார்க்கலாம்.

கட்டளை வரியைத்தான் வற்புறுத்துகிறோம். பொத்தானை அழுத்தினால் உள்ளே நடந்தது தெரியாது. கட்டளையை அப்படியே எழுதி வைக்கலாம்; எந்தப் பதிவு சேர்ந்தது, எது கழிக்கப்பட்டது, எத்தனை சுற்று பயிற்சி என்பது அதிலேயே நிற்கும். நாகர்கோவிலில் இருப்பவர் அதை மறுபடி ஓட்டிச் சரிபார்க்கலாம்.

செய்து காட்டியவரின் சம்மதமின்றி ஒரு பதிவும் வெளியே போகக் கூடாது. அவருடைய முகமும் குரலும் நீக்கப்பட வேண்டும். பதிவு எடுத்த நேரத்துக்கும் கூலி வேண்டும். அவர் எப்போது கேட்டாலும் அவருடைய பதிவு அழிக்கப்பட வேண்டும். நின்றுபோன எந்திரத்தை மீட்க எவரையும் குழிக்குள் இறக்கக் கூடாது. பாதுகாப்புக் கருவிகளின்றி ஆளை இறக்கிக் கழிவுநீர்க் குழியைத் துப்புரவு செய்ய வைப்பதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே தடுத்திருக்கிறது. இவற்றில் பேரத்துக்கு இடமில்லை.

2001 ஜூலையில் இந்திய சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பட்ட ஊர் எங்கள் திருவனந்தபுரம். கேரளப் பள்ளிப் பிள்ளைகள் லினக்ஸில் பாடம் படிக்கிறார்கள். கேட்க எங்களுக்கு உரிமை உண்டு. செய்யவும் ஆள் உண்டு.

முதல் வேலையாக, கட்டளைகளின் உதவிக் குறிப்புகளையும் பிழைச் செய்திகளையும் தமிழிலும் மலையாளத்திலும் எழுதத் தொடங்குகிறோம். எந்திரத்தை இயக்கும் தொழிலாளர்கள் வாசித்துப் புரிந்ததாகச் சொன்ன பிறகே அவற்றை வெளியிடுவோம்.