தராசுக்கு யார் முத்திரையிடுவது?

ஆதார் எண் பெற்றோர் எத்தனை கோடி என்று வினவினால் அதிகாரிகள் உடனே விடை பகர்வர். கைரேகை பொருந்தாமல் ரேஷன் கடையினின்று வெறும் பையுடன் திரும்பியோர் எத்தனை பேர் என்றால் மௌனமே விடையாகிறது.

நாம் மிகைப்படுத்திப் பேசவில்லை. ஜார்க்கண்டில் 49 விழுக்காடும் இராஜஸ்தானில் 37 விழுக்காடும் சரிபார்ப்பு தோல்வியுற்றதென்ற மதிப்பீடுகளை மத்திய அரசின் 2016-17ஆம் ஆண்டுப் பொருளாதார ஆய்வறிக்கையே எடுத்துக்காட்டிற்று. 2010இல் முதல் எண் வழங்கப்பட்டது. ஆதார் ஆணையத்தின் செயல்பாட்டை ஆராய்ந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையோ 2022இல்தான் நாடாளுமன்றத்திற்கு வந்தது. சரிபார்ப்புப் பிழைகளின் காரணங்களை ஆராயும் ஏற்பாடே ஆணையத்திடம் இல்லையென்று அது குறை கூறிற்று.

அட்டைகளை நீக்கியதால் பணம் மிச்சம் என முழங்குவோரைக் கேட்கிறோம்: நீக்கப்பட்டவற்றுள் போலி எத்தனை? ஏழையின் உரிமை எத்தனை? இதைப் பிரித்தறியாத மிச்சம் கணக்காகுமா? மண் சுமந்து ரேகை தேய்ந்த விரல் குற்றவாளியா?

திட்டத்தை நடத்துவோரே அதனை மதிப்பிடுவது, வணிகன் தன் தராசுக்குத் தானே முத்திரையிடுவதாகும். ரேஷன் கடைகளுக்குச் சமூகத் தணிக்கை வேண்டுமென்று 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் விதித்திருக்கிறது. அதனை மெய்யாக நடத்துக! பெற்றவரை எண்ணியது போதும், பெறாதவரை எண்ணுக!