மூணு கால் மேசை யாருக்குச் சொந்தம்?

ஆன்லைனில் 'நொகுச்சி டேபிள்' என்று தேடிப் பாருங்கள். திரை நிறைய ஒரே மேசை வரும். கீழே வளைந்த இரண்டு மரத்துண்டுகள், மேலே முனை மழுங்கிய முக்கோணக் கண்ணாடி. ஒன்றின் விலை லட்சங்களில், இன்னொன்றின் விலை ஆயிரங்களில். புது வீட்டுக்கு ஹால் செட் பண்ணும் எவருக்கும் ஒரு கேள்வி வரும்: 'பார்க்க ஒரே மாதிரிதானே இருக்கு, அப்புறம் எதுக்கு அவ்ளோ காசு?'

நியாயமான கேள்விதான். ஆனால், இந்த மேசையின் கதையே ஒரு காப்பியடித்த சண்டையில்தான் தொடங்குகிறது. அது தெரிந்தால் கேள்வி கொஞ்சம் மாறும்.

யார் இந்த நொகுச்சி?

இசாமு நொகுச்சி, 1904-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்த சிற்பி. அப்பா ஜப்பானியக் கவிஞர், அம்மா அமெரிக்கர். பாரிஸில் சிற்பி பிரான்குசியிடம் உதவியாளராக இருந்தவர். 1939-ல், நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த கான்கர் குட்இயரின் வீட்டுக்காக ரோஸ்வுட்டில் ஒரு மேசை செய்தார். சிற்பத்தின் மேல் கண்ணாடி வைத்த மாதிரி இருந்தது. 2014-ல் அந்த ஒற்றை மேசை ஏலத்தில் போன விலை 44 லட்சம் டாலருக்கு மேல். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 27 கோடி ரூபாய்!

முகாமில் பார்த்த விளம்பரம்

அதன் பிறகு ராப்ஸ்ஜான்-கிப்பிங்ஸ் என்ற ஃபர்னிச்சர் டிசைனர், தனக்கும் ஒரு காபி டேபிள் வேண்டும் என்று கேட்டார். நொகுச்சி சின்னதாக ஒரு பிளாஸ்டிக் மாதிரி செய்து கொடுத்தார். பதில் வரவில்லை.

1942-ல் அமெரிக்க அரசு, மேற்குக் கரையில் வாழ்ந்த சுமார் 1.2 லட்சம் ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தது. நியூயார்க்கில் வசித்த நொகுச்சிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனாலும் அங்கிருப்பவர்களுக்குப் பூங்காவும் தோட்டமும் அமைத்துத் தரலாம் என்று அரிசோனாவின் போஸ்டன் முகாமுக்குத் தானாகவே போனார். திட்டம் நடக்கவில்லை. வெளியே வரவும் மாதக்கணக்கில் ஆனது. அங்கே இருந்தபோதுதான் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. தன் மேசையின் சாயலில் ஒன்று, கிப்பிங்ஸின் பெயரில்!

திரும்பி வந்து கேட்டபோது, மூன்று கால் மேசையை யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று பதில் வந்ததாக நொகுச்சி பின்னாளில் தன் சுயசரிதையில் எழுதினார். கோபத்தில், தன் மேசையைத் தானே இன்னும் எளிமையாக்கினார். ஹெர்மன் மில்லர் நிறுவனம் 1940-களின் பிற்பாதியில் சந்தைக்குக் கொண்டுவந்த காபி டேபிள் அதுதான்.

அப்படி என்ன இருக்கு அதில்?

ரொம்பக் குறைவாக இருக்கிறது, அதுதான் விஷயம். அடியில் இருக்கும் இரண்டு மரத்துண்டுகளும் அச்சு அசல் ஒரே வடிவம். ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி, ஒரு உலோகக் கம்பியில் கோத்தால் மூன்று இடங்களில் கண்ணாடியைத் தாங்கும். கண்ணாடிக்குத் திருகு கிடையாது, பசை கிடையாது. சுமார் 19 மி.மீ. தடிமனுள்ள அதன் எடையே அதை நிறுத்தி வைக்கிறது. மலிவு நகல்கள் சறுக்குவது இங்கேதான். கண்ணாடி மெலிந்துவிடும், வளைவு விறைத்துவிடும், மரம் நிமிர்ந்து நிற்கும். போட்டோவில் தெரியாது, பக்கத்தில் உட்கார்ந்தால் தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் பதிவு செய்த டிசைனுக்குப் பாதுகாப்பு 10 ஆண்டுகள், நீட்டித்தால் மொத்தம் 15. பதியக்கூடிய டிசைனைப் பதியாமல், தொழிற்சாலை முறையில் 50-க்கு மேல் செய்துவிட்டால் காப்புரிமையும் போய்விடும். பிரிட்டன் 2016-ல் எதிர்த் திசையில் போனது. பெருமளவில் தயாரிக்கப்படும் கலைப்படைப்புகளுக்கு அதுவரை இருந்த 25 ஆண்டு வரம்பை நீக்கி, படைத்தவர் இறந்து 70 ஆண்டுகள் வரை என்று ஆக்கியது. ஆக, ஒரே நகல் ஓர் ஊரில் சரி, இன்னோர் ஊரில் தப்பு. பெயர் மட்டும் வேறு கணக்கு. வணிகக் குறியாகப் பதிந்த பெயரைப் புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

அப்போ, வாங்கலாமா கூடாதா?

'தொழிற்சாலையில் நிறைய செய்து விற்கத்தானே நொகுச்சியே கொடுத்தார்? சாமானியனுக்கும் கிடைக்கட்டுமே' என்று ஒரு வாதம் உண்டு. அதில் பாதி உண்மை. நல்ல வடிவம் ஏலக்கூடத்துப் பணக்காரர்களுக்கு மட்டும் என்று ஆவது யாருக்கும் பெருமையில்லை. 15 ஆண்டுகள் கழித்து வடிவம் பொதுவுக்கு வருவதும் நல்லதுதான்.

ஆனால், நொகுச்சியைச் சுட்டது மூன்று கால் அல்ல. தன் உழைப்பு இன்னொருவர் பெயரில் போனதுதான். இன்றைய நகல்களில் அதே தப்பு தலைகீழாக நடக்கிறது. அவர் பெயர் இருக்கிறது, அவர் வேலை இல்லை. மெல்லிய கண்ணாடியையும் வளைவு தப்பிய மரத்தையும் 'நொகுச்சி' என்று விற்பது, செய்தவரையும் வாங்குபவரையும் சேர்த்தே ஏமாற்றுகிறது. அந்தப் பெயருக்காக நீங்கள் கொடுக்கும் கூடுதல் ஆயிரம் ரூபாய்க்கு மேசையில் எதுவுமே இல்லை.

வாங்க வசதி இருந்தால் அசலை வாங்கலாம். இல்லையென்றால் பெயர் ஒட்டாத நல்ல மர மேசையைத் தேடலாம். அல்லது ஊரிலேயே கை சுத்தமான ஆசாரியிடம் தேக்கு மரத்தைக் காட்டி, 'இந்த வளைவு மாதிரி, ஆனா நம்ம ஹாலுக்கு ஏத்த மாதிரி' என்று கேட்கலாம். அவர் செய்து முடித்ததும் அடிப்பக்கத்தில் அவர் பெயரையும் வருஷத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.